ஆற்றங்கரைச் சாலையில் ஒரு வளைவு

கும்பகோணத்துக்கு வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. இவ்விரண்டுக்கும் இடையில் பிறந்து வளர்ந்தவர்களுக்குச் சாலை என்றாலே பெரும்பாலும் ஆற்றங்கரைதான். ஆறு வளைந்தால் கரை வளையும். கரை வளைந்தால் சாலையும் வளையும். இந்த வளைவுகளைப் பொறியாளர் எவரும் அளந்து வகுக்கவில்லை. வெள்ளம் பல நூற்றாண்டுகளாக வகுத்தவை அவை. நடந்து போனவர்கள் அவற்றை ஒற்றையடிப் பாதையாக்கினார்கள். மாட்டு வண்டிகள் தடம் பதித்தன. பின்னர் ஜல்லி கொட்டித் தார் ஊற்றினார்கள். வளைவு மட்டும் இருந்தபடியே இருந்தது. மாட்டு வண்டியின் நடைக்குப் பொருந்திய வளைவில்தான் இன்று மோட்டார் சைக்கிள்கள் பறக்கின்றன.

நாங்கள் இருவர். ஒருவர் தமிழ் கற்பிப்பவர், மற்றவர் இயற்பியல். கும்பகோணத்திலிருந்து சுவாமிமலை, கபிஸ்தலம் வழியாகத் திருவையாறு செல்லும் சாலையில், 24 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஒரே கல்லூரிக்கு, ஒரே வண்டியில், 14 ஆண்டுகளாகப் போய் வருகிறோம். இன்று ஒருவர் ஓட்டினால் நாளை மற்றவர். இதை எழுதும் கை தமிழாசிரியருடையது. எனினும் வரிக்கு வரி இருவரும் உட்கார்ந்து பேசித் திருத்தியது. ஆகவே ‘நாங்கள்’. அப்படி எழுத வேறொரு காரணமும் உண்டு. அது பின்னால் வரும்.

மலைச்சாலையென்றால் எல்லோருக்கும் ஓர் அச்சம் உண்டு. கொல்லிமலைக்கு ஏறும் வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40. ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிப் பலகை நட்டிருக்கிறார்கள். பள்ளம் கண்ணுக்குத் தெரிகிறது; கை தானாகவே வேகத்தைக் குறைத்துவிடுகிறது. எங்கள் டெல்டாவில் அந்த எச்சரிக்கை இல்லை. நிலம் தாம்பாளம்போல் தட்டையாகக் கிடக்கிறது. இருபுறமும் பச்சை, தென்னங்கீற்றின் நிழல், காற்றில் ஈரம். மனம் தளர்ந்து கொடுக்கிறது. மூங்கில் புதருக்கு அப்பால் ஒரு மதகின் கைப்பிடிச்சுவர் காத்திருப்பதோ, எதிரே பேருந்து வருவதோ, அருகில் போகும்வரை தெரிவதில்லை.

கரைச்சாலையில் இன்னொரு சூழ்ச்சியும் இருக்கிறது. மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியை மேடாகவும் இரு ஓரங்களைத் தாழ்வாகவும் அமைக்கிறார்கள். நாம் இடப்புறம் செல்பவர்கள். இடப்புற வளைவில் அந்தச் சரிவு நமக்கு உதவுகிறது. வலப்புற வளைவிலோ நம்மை வெளியே தள்ளுகிறது. இடப்புற வளைவில் தவறினால் எதிரே வரும் வண்டியின் முன்னால் போய் நிற்போம். வலப்புற வளைவில் தவறினால் ஆறு, அல்லது வயல். போதாததற்கு, மணல் லாரியானாலும் வைக்கோல் ஏற்றிய டிராக்டரானாலும் பாரம் ஒரு பக்கமாகச் சாய்ந்து சிந்துவது வளைவில்தான். சிந்தியதைச் சக்கரங்கள் கூட்டித் தள்ளிச் சேர்த்து வைப்பதும் வளைவின் ஓரத்தில்தான்.

இவையெல்லாம் எங்களுக்கு அன்று தெரியாது. தெரிந்துகொண்டது விழுந்த பிறகு.

*

2022ஆம் ஆண்டு மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12க்குக் காத்திராமல் மே 24 அன்றே திறக்கப்பட்டது. குறுவை பரவலாக நடந்தது. அறுவடையின்போது மழை பிடித்துக்கொண்டது. அறுத்த நெல் ஈரமாக இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்கமாட்டார்கள். 17 சதவீத ஈரப்பதம் என்பது வழக்கமான வரம்பு. சில ஆண்டுகளில் மழையைக் கருதி அதைத் தளர்த்துவதும் உண்டு. ஆனால் தளர்வு வரும் வரை நெல் காத்திருக்காது, முளைத்துவிடும். களமெல்லாம் சேறு. தார்ச்சாலை ஒன்றுதான் வெயில் பட்டவுடன் காய்ந்து சூடேறும் இடம். எனவே ஒரு நாள் வெயில் தலைகாட்டினால் போதும், கரைச்சாலை முழுவதும் பாதி அகலத்துக்கு நெல் விரிந்துவிடும்.

அக்டோபரில் அப்படியொரு காலை. எங்கள் இருவருக்கும் அன்று உள்மதிப்பீட்டுத் தேர்வில் அறைக் கண்காணிப்பு. 9.30க்குள் போயாக வேண்டும். புறப்படும்போது நேரம் இருந்தது. கும்பகோணத்துக்காரர்களுக்கே உரிய பலவீனம், வழியில் ஒரு காபி. அதில் 10 நிமிடம் போயிற்று. பின்னால் இருந்தவர் இரண்டு முறை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “கொஞ்சம் சீக்கிரம் போனா நல்லது சார்” என்றார். ஓட்டியவர், “போயிடலாம்” என்றார். விபத்துக்கு முன்னால் நாங்கள் பேசிய கடைசிச் சொற்கள் அவை.

கபிஸ்தலத்தைத் தாண்டி ஒரு வலப்புற வளைவு. தொடக்கத்தில் ஒரு புளியமரம். வேகம் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் இருக்கும். யாரும் அதை வேகம் என்று சொல்லமாட்டார்கள். மரத்தைக் கடந்து சாய்ந்த பிறகுதான் தெரிந்தது, எங்கள் பக்கத்துச் சாலை முழுவதும் நெல். எதிர்ப்பக்கத்தில் ஒரு பேருந்து. முன் பிரேக்கைப் பிடித்தது கை. பிடித்தது அறிவு அன்று. முன்சக்கரம் நெல்மணிகளின்மேல் உருண்டு வழுக்கியது. அதன்பின் வானம் தெரிந்தது, பிறகு நெல்.

ஓட்டியவருக்குக் காறை எலும்பு முறிந்தது. பின்னால் இருந்தவருக்கு வலது கால் முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்தது. இன்றும் உள்ளே ஒரு கம்பி இருக்கிறது. தலைக்கவசம் இரண்டு இருந்தன. ஒன்று தலையில், இன்னொன்று வண்டியின் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டு. கவசமில்லாத அந்தத் தலை போய் மோதியது, விளிம்பில் குவித்து வைத்திருந்த நெல் குவியலின்மேல். வழுக்கிவிட்டதும் நெல், தாங்கிக்கொண்டதும் நெல். இரண்டடி தள்ளி, நெல் பறக்காமலிருக்க வைத்திருந்த கருங்கல் கிடந்தது.

காலால் நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அறுபதைக் கடந்த ஓர் அம்மா ஓடிவந்தார். “தம்பி, எந்திரிக்காதீங்க, அப்படியே கெடங்க” என்று சொல்லிவிட்டுத் தன் முந்தானையை நனைத்து முகம் துடைத்தார். யாரோ 108க்கு அழைத்தார்கள். வண்டி வரும் வரை அந்த அம்மா எங்களிடம் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்: “களம் சேறாக் கெடக்கு தம்பி. ரோட்ட விட்டா நாங்க எங்க போடுவோம்?” அவர் எங்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை, வரப்போகிற காவலருக்குச் சொல்வதற்காக ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார் என்று பின்னால் தோன்றியது. புகார் கொடுக்கிறீர்களா என்று கேட்கப்பட்டபோது இல்லை என்றோம். எங்கள் பெருந்தன்மை என்று அதை எண்ண வேண்டாம். உண்மை எங்களுக்குத் தெரியும், அவ்வளவே.

*

மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய பின் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி: “வண்டியை யார் ஓட்டினது?”

இரண்டு வீடுகளிலும் இதற்கு இரண்டு விதமாக விடை சொல்லப்பட்டது. ஒரு வீட்டில் “இவர் ஓட்டிய வேகம்”. இன்னொரு வீட்டில் “அவர் அவசரப்படுத்தியதால்”. பல ஆண்டுகள் பண்டிகைக்குப் பலகாரம் மாற்றிக்கொண்ட வீடுகள். அந்தத் தீபாவளிக்குப் பாத்திரம் போகவுமில்லை, வரவுமில்லை.

பெரியபுராணத்தை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகிறோம். திருவாரூர்த் தெருவில் இளவரசன் தேரில் போகிறான். கன்று துள்ளி வந்து சக்கரத்தில் பட்டு மடிகிறது. தமிழ் மரபில் மிகவும் அறியப்பட்ட சாலை விபத்து அதுதான். கன்று தானே வந்து விழுந்தது, இதற்குக் கழுவாய் உண்டு என்று அமைச்சர்கள் வாதாடுகிறார்கள். மன்னன் ஏற்கவில்லை. மகனைத் தேர்க்காலில் இட்ட அந்தத் தண்டனையை இன்று நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் கன்றின்மேல் பழிபோட மறுத்த அந்த இடம் மட்டும், கட்டுப்போட்ட காலோடு படுத்திருந்தபோது, புதிதாகப் பொருள்பட்டது. நெல்லின்மேல் பழிபோடுவது கன்றின்மேல் பழிபோடுவதுதான். அவசரப்படுத்தியவரும் அதற்கு இசைந்தவரும் ஒரே வண்டியில்தான் இருந்தோம். அன்று யார் ஓட்டினார் என்பதை நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை என்று முடிவுசெய்தோம். இந்தக் கட்டுரை ‘நாங்கள்’ என்று பேசுவதன் இரண்டாவது காரணம் அது.

படுக்கையில் இருந்த நாட்களில்தான் இயற்பியல்காரர் மருந்துச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். அந்த வளைவை 40 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் ஒரு பகுதி என்று கொள்வோம். 30 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி சுமார் 10 பாகை சாய்ந்தால் போதும். 50இல் 26 பாகை. 70இல் 44 பாகை. காய்ந்த தார்ச்சாலையில் நல்ல டயருக்குக்கூட அதற்குமேல் மிச்சமில்லை. வேகம் இரு மடங்கானால் வளைவில் தேவைப்படும் பிடிமானம் நான்கு மடங்காகிறது. மாறாக 50ஐ 30ஆகக் குறைத்தால் தேவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிறது. கணக்கில் இவ்வளவு தாராளமாக ஒன்றைத் திருப்பித் தரும் பேரம் வேறு இல்லை என்றார் அவர்.

வளைவுக்குள் ஏன் பிரேக் பிடிக்கக் கூடாது என்பதையும் அவர் சம்பளக் கணக்காகச் சொன்னார். டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள பிடிமானம் மாதச் சம்பளம் போன்றது. திரும்புவதற்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும், நிறுத்துவதற்கும் அதிலிருந்துதான். திரும்புவதற்கே பெரும்பகுதியைச் செலவழித்துவிட்டு, பிரேக்குக்கும் கொடு என்றால் அது எங்கே போகும்? நெல்லும் வைக்கோலும் மணலும் கிடந்தால் சம்பளமே பாதியாகிவிடுகிறது. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய வண்டிகளுக்கு ஏபிஎஸ் கட்டாயம். எங்கள் வண்டி 2014இல் வாங்கியது, அதில் இல்லை. இருந்திருந்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுத்திருக்கும். இல்லாத பிடிமானத்தை அதனாலும் உண்டாக்கித்தர முடியாது.

ஆகவே எல்லாம் வளைவுக்கு முன்பு. வண்டி நேராக இருக்கும்போதே பிரேக், நேராக இருக்கும்போதே கியர். வளைவுக்குள் ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று விடுவதுமில்லை, முறுக்குவதுமில்லை. சீராகப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் ஊர் சாரங்கபாணி கோயில் தேர் வீதி முனையில் திரும்புவதைச் சிறுவயது முதல் பார்த்திருக்கிறோம். முட்டுக்கட்டைக்காரர்கள் தேர் முனையை எட்டுவதற்கு முன்பே கட்டையோடு தயாராக நிற்பார்கள். அவ்வளவு பெரிய பாரத்தைத் திருப்பும் வித்தை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நூறு முறை பார்த்த எங்களுக்குத்தான் தெரியவில்லை.

வேகம் எவ்வளவு குறைய வேண்டும்? அதற்கும் ஓர் அளவு உண்டு. பிரிட்டனில் காவல்துறை ஓட்டுநர்களுக்குக் கற்பிக்கும் முறை அது. முன்னால் பார்த்தால் சாலையின் இரண்டு ஓரங்களும் ஒரு புள்ளியில் சேர்வதுபோல் தோன்றும். அந்தப் புள்ளி நம்மை நோக்கி வருவதுபோல் இருந்தால் வளைவு இறுகுகிறது, வேகத்தைக் குறைக்க வேண்டும். விலகிப் போவதுபோல் இருந்தால் வளைவு அவிழ்கிறது. எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறதோ, அந்தத் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம். புளியமரத்தடியில் எங்களுக்குத் தெரிந்தது இருபது மீட்டர். நாங்கள் வந்த வேகத்தில் நிற்க அது போதாது.

இன்னொரு செய்தி தமிழாசிரியருக்கு வியப்பாக இருந்தது. ஓடும் வண்டியை வலப்புறம் திருப்ப வேண்டுமானால், வலக் கைப்பிடியை மெல்ல முன்னே தள்ள வேண்டும். அதாவது முன்சக்கரம் ஒரு கணம் இடப்புறம் திரும்புகிறது, வண்டி வலப்புறம் சாய்கிறது, பிறகே திரும்புகிறது. மிதிவண்டிக்கும் இதுவே. விமானம் கண்ட வில்பர் ரைட், தமக்குத் தெரிந்த பல சைக்கிள்காரர்களிடம் எப்படித் திரும்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார். தாங்கள் செய்வது இன்னதென்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ‘மரம்’ என்பதும் ‘கிளை’ என்பதும் சேர்ந்தால் ‘மரக்கிளை’ என்று, புணர்ச்சி விதி அறியாத குழந்தையும் சரியாகவே சொல்கிறது அல்லவா, அதுபோல. ஆனால் இலக்கணம் தெரியாதவன் பதற்றத்தில் தடுமாறுவான். வளைவு நினைத்ததைவிட இறுகும்போது, உள்பக்கக் கைப்பிடியை இன்னும் கொஞ்சம் தள்ளி, இன்னும் கொஞ்சம் சாய்வதற்குப் பதிலாக, பயத்தில் வண்டியை நிமிர்த்திவிடுகிறோம். அது நேராக வெளியே போகிறது. சுத்தமான சாலையில் பெரும்பாலான வண்டிகளால், ஓட்டுபவர் துணிவதைவிட அதிகமாகவே சாய முடியும். கண் எங்கே பார்க்கிறதோ அங்கே வண்டி போகும் என்பதும் உண்மை. மைல்கல்லைப் பார்த்தால் மைல்கல்லுக்கு. வளைவின் முடிவைப் பார்த்தால் முடிவுக்கு.

பின்னால் இருப்பவரும் வெறும் மூட்டை அல்லர். ஓட்டுபவர் சாயும்போது அவர் பயந்து எதிர்ப்பக்கம் நிமிர்ந்தால், வண்டி இன்னும் அதிகமாகச் சாய வேண்டியிருக்கும். ஓட்டுபவரின் உள்பக்கத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்துக்கொண்டு, கூடவே சாய்ந்தால் போதும்.

இது எங்கள் ஊர்ச் சங்கதி மட்டுமன்று. அமெரிக்காவில் ஹாரி ஹர்ட் தலைமையில் ஒரு குழு, லாஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை நடந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து 1981இல் அறிக்கை தந்தது. வேறு வண்டி எதுவும் சம்பந்தப்படாத விபத்துகளில், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குக்கு ஓட்டியவரின் பிழையே காரணம். அந்தப் பிழைகளில் பொதுவானவை, அளவுக்கு மீறிய பிரேக்கால் வழுக்கி விழுவதும், வேகம் மிகுந்தோ போதுமான அளவு திரும்பாமலோ வளைவில் வெளியே போய்விடுவதும். நாங்கள் விழுந்த 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் நூற்றுக்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வண்டியில் போனவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அவ்வாண்டு நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு.

தலைக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ‘செவன் பில்லர்ஸ் ஆஃப் விஸ்டம்’ எழுதிய டி. இ. லாரன்ஸ் 1935 மே 13 அன்று தம் மோட்டார் சைக்கிளில் போகும்போது, சாலையின் ஓர் இறக்கம் மறைத்திருந்த இரண்டு சைக்கிள் சிறுவர்களைத் தவிர்க்க முயன்று விழுந்தார். ஆறு நாட்களில் இறந்தார். வயது 46. அவரைக் கவனித்த மருத்துவர்களில் ஒருவர் ஹியூ கேர்ன்ஸ் என்ற மூளை அறுவை வல்லுநர். அந்தச் சாவை அவரால் மறக்க முடியவில்லை. தலைக்கவசத்தின் பயனை ஆராய்ந்து 1941இல் கட்டுரை வெளியிட்டார். இன்று உலகெங்கும் நாம் அணியும் கவசத்துக்குப் பின்னால் அந்தக் கட்டுரை இருக்கிறது. எங்களுக்கு அன்று கிடைத்த நெல் குவியல் எல்லோருக்கும் எல்லா வளைவிலும் கிடைக்காது.

*

ஏழு மாதம் கழித்து மறுபடியும் ஒன்றாகப் புறப்பட்டோம். அந்த முதல் நாள் வளைவுகளை எண்ணினோம்: ஆபத்தானவை 23. மலைச்சாலையைப்போல் எண் கொடுக்க மனமில்லாமல் பெயர் வைத்தோம். படித்துறை வளைவு, அய்யனார் வளைவு, மதகு வளைவு, புளியமரத்து வளைவு. ஒவ்வொன்றிலும் வேகத்தைக் குறைத்து ஏறியதில் இழந்த நேரம் மொத்தம் இரண்டு நிமிடம். அதாவது, அந்தக் காபியில் ஐந்தில் ஒரு பங்கு.

இவ்வளவும் கற்றுக்கொண்ட நாங்கள், எங்கள் மாணவர்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் பாதிப் பேர் மோட்டார் சைக்கிளில் வருகிறார்கள். எங்கள் வண்டியைவிட வேகமானவை. சொல்லாததற்குக் காரணம் வெட்கம். நாற்பதைக் கடந்த இரண்டு ஆசிரியர்கள் 50 கிலோமீட்டர் வேகத்தில் நெல்லில் வழுக்கி விழுந்த கதை, கல்லூரியில் அதற்குள் நகைச்சுவையாகிவிட்டிருந்தது. அதை நாங்களே மறுபடி எடுத்துச் சொல்ல விரும்பவில்லை.

2025 பிப்ரவரியில், தமிழ்த் துறையின் இரண்டாமாண்டு மாணவன் ஒருவன் அதே சாலையின் வேறொரு வளைவில் இறந்துபோனான். இரவு நேரம். அங்கே நெல்லும் இல்லை, வைக்கோலும் இல்லை. காய்ந்த சாலை, எதிரே யாருமில்லை. வளைவு அவன் நினைத்ததைவிட நீண்டு இறுகியிருந்தது. வண்டி வளைவின் நடுவிலிருந்து நேராகப் போயிருந்தது. மறுநாள் அந்த இடத்தில் நின்று பார்த்தபோது, தார்மேல் டயர் எழுதியிருந்த கோட்டை எங்கள் இருவராலும் படிக்க முடிந்தது. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. மருந்துச் சீட்டின் பின்புறத்தில் இரண்டரை ஆண்டுகளாக நாங்கள் வைத்திருந்ததைத்தான் அந்தக் கோடு சொல்லிக்கொண்டிருந்தது. சொல்லியிருந்தால் அவன் பிழைத்திருப்பான் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. நாங்கள் சொல்லவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

அந்த ஆண்டு ஜூலையிலிருந்து, முதல்வரின் அனுமதியோடு, சனிக்கிழமைகளில் விரும்பும் மாணவர்களைப் புளியமரத்து வளைவுக்கு அழைத்துப் போகிறோம். வண்டியில் அல்ல, நடந்து. நடந்து போனால்தான் ஒரு வளைவு எவ்வளவு மறைக்கிறது என்று தெரிகிறது. மரத்தடியில் நின்று எதுவரை தெரிகிறது என்று கேட்கிறோம். ஓரத்தில் சேர்ந்திருக்கும் மணலைக் காலால் தேய்த்துப் பார்க்கச் சொல்கிறோம். மரத்துக்கு முப்பது அடி முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு போட்டு, பிரேக் வேலை இந்தக் கோட்டுக்குள் முடிந்துவிட வேண்டும் என்கிறோம். அங்கேதான், மாணவர்கள் முன்னிலையில், நாங்கள் விழுந்த கதையையும் சொல்கிறோம். சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். ஒரு மாணவி, “ஸ்கூட்டிக்கும் இதேதானா ஐயா?” என்று கேட்டாள். இதேதான், சக்கரம் சிறியது என்பதால் குழியிலும் மணலிலும் இன்னும் கவனம் வேண்டும் என்று சொன்னோம்.

முதல் சனிக்கிழமையே அந்த அம்மா எங்களை அடையாளம் கண்டுகொண்டார். காலைக் காட்டச் சொல்லிப் பார்த்தார். நெல்லைச் சாலையில் போடாதீர்கள் என்று அவரிடம் சொல்லும் உரிமை எங்களுக்கு இல்லை. போடுவதற்கு வேறு இடம் காட்ட எங்களால் முடியாது. வளைவில் மட்டும் வேண்டாம், நூறடி தள்ளி நேரான இடத்தில் போடுங்கள், இரு முனையிலும் ஒரு கம்பில் சிவப்புத் துணி கட்டி வையுங்கள், கல்லுக்குப் பதில் மூட்டையை வையுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். “அதுக்கென்ன, வச்சாப் போச்சு” என்றார்.

இரு வீடுகளுக்கும் இடையே பலகாரப் பாத்திரம் மறுபடியும் போய் வருகிறது. இன்னும் முன்போல் இல்லை, ஆனால் வருகிறது. அடுத்த குறுவை அறுவடையின்போது, மேகம் விலகிய ஒரு காலையில் அந்த வழியாக வந்தோம். நேரான சாலையில் நெல் விரிந்திருந்தது. அதற்கு முன்னால், மூங்கில் கம்பில், பழைய சிவப்புச் சேலையின் ஒரு கிழிசல் கட்டியிருந்தது. புளியமரத்துக்கு நன்றாக முன்பே வேகத்தைக் குறைத்துக்கொண்டோம்.